எண்பது சென்ட்

பிரேமர்ஹாஃபன் மீன் ஆலையின் கணக்குப் பிரிவில்
பதினாறு வருடம் பிறர் சம்பளத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.
கூட்டலில் பிசகியதில்லை.
அதனால்தான் விலகல் கடிதத்தில் தேதி போடும் முன்பே தெரியும்,
மாதம் எழுநூற்றுப் பத்து யூரோ
துண்டு விழும் என்று.

விழுகிற துண்டை
யார் முன்னால் விரிப்பது என்பதுதான் தெரியாது.

வேலைவாய்ப்பு அலுவலகம், மூன்றாம் மாடி.
திரு. லூர்ஸ் நல்ல மனிதர், பேனா இரவல் தந்தார்.
படிவம் பதினொரு பக்கம்.
ஐந்தாம் பக்கத்தில், பெற்றோரின் வருமானம்.
அப்பா போய் ஒன்பது வருடம், அம்மாவுக்கு எழுபத்து நாலு என்றேன்.
"கோடு போட்டுவிடுங்கள்" என்றார்.
அம்மாவின் மேல் ஒரு கோடு போட்டேன்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு விரற்கடை அளவில் ஒரு கட்டம்:
இந்த வயதில் மின்பணி கற்க விரும்பும் காரணம்.

போன ஜனவரியில் ஆலை முழுக்க மின்சாரம் நின்றது.
நாங்கள் கைப்பேசி வெளிச்சத்தோடு வாசலுக்கு ஓடினோம்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ஒருத்தி மட்டும் உள்ளே நடந்தாள்,
சாவகாசமாக, தன் வீட்டுச் சமையலறைக்குப் போவதுபோல.
நாற்பது நிமிடத்தில் குளிர்கிடங்கு மறுபடி முனகத் தொடங்கியது.
அவள் முகம் நினைவில்லை. முதுகு இருக்கிறது.

கட்டத்தில் இதெல்லாம் கொள்ளாது.
"எதிர்கால வேலைவாய்ப்பு" என்று எழுதினேன்.

ஐந்தில் வளையாதது என்று ஒரு பேச்சு
எல்லா ஊரிலும் ஏதோ ஒரு மொழியில் இருக்கிறது.
என் அக்கா காதலேயாவும் சொன்னாள், கேக்கை வெட்டியபடி.
அவள் சொன்னது குழாயை வளைக்கும்போதெல்லாம் கேட்டது.
மூன்று குழாய்கள் நசுங்கிப் போயின.
நாலாவது வளைந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

செப்டம்பரில் நானும் என் மகனும் ஒரே நாளில் பயிற்சியில் சேர்ந்தோம்.
யெல்டோ, பதினேழு வயது, படகுப் பட்டறை.
முதல் சம்பளச் சீட்டுகள் இரண்டும் குளிர்பெட்டிக் கதவில்.
அவனுக்கு என்னைவிட எண்பது சென்ட் கூட.
அவனுடையது ஹாம்பர்க் பயணம், புதுக் காலணி, யாரோ ஒருத்திக்குக் காபி.
என்னுடையது பன்னிரண்டாம் தேதிக்குள் வாடகையாகித் தீர்ந்தது.
இருவர் தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான்.
அவனுக்கு அது வருமானம்.
எனக்கு இறக்கம்.

தொழிற்பள்ளியில் பக்கத்து மேசைப் பையன் கேட்டான்,
"நீங்கள் ஆசிரியையா?"
அன்று எல்லோருக்கும் ஒரு தாள் தந்தார்கள், பெற்றோர் கையொப்பத்துக்கு.
எனக்கும் தந்தார்கள், யோசிக்காமல்.
வீட்டில் யெல்டோ அதைப் பிடுங்கி
பெற்றோர் என்ற இடத்தில் தன் பெயரைக் கிறுக்கினான்.
"ஒழுங்காகப் படி" என்றான்.

கடிதம் அக்டோபர் கடைசியில் வந்தது.
மதிப்புக்குரிய திருமதி வீப்கே ஹார்ம்ஸ்,
உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.
மாதம் இருநூற்று எண்பத்து நாலு யூரோ.
டிசம்பர் முதல்.

இருநூற்று எண்பத்து நாலைப் பழிக்க மாட்டேன்.
அது மின்கட்டணம், ரொட்டி, பல் வைத்தியரின் மீதி பில்.
வெட்கப்படாமல் வாங்குவேன்;
பதினாறு வருடம் என் சம்பளத்தில் பிடித்ததில்
யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைக் கற்றிருப்பார்.
ஆனால் செப்டம்பர், அக்டோபர், நவம்பர்?
அந்த மூன்று மாதங்கள் எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை,
என் வயிற்றில் மட்டும் இருந்தன.

காரை விற்றேன்.
காலை ஆறேகாலுக்கு சைக்கிள்.
வேசர் ஆற்றங்கரையில் காற்று எப்போதும் எதிரில்தான்,
திரும்பி வரும்போதும்.

நவம்பர் இருபத்து மூன்று.
வெண்ணெய்ப் பெட்டிக்கு அடியில் பணம்.
நூற்று ஐம்பது யூரோ, நோட்டுகளாக.
மேலே சில்லறை, எண்பது சென்ட்.
யெல்டோ ரேடியோவைச் சரிசெய்வதுபோல் நின்றான்.
அது சரியாகத்தான் இருந்தது.

கூட்டலில் பிசகாதவள் இரண்டு முறை எண்ணினேன்.
நூற்று ஐம்பதைக் கடன் என்று நோட்டில் எழுதினேன், தேதியோடு.
சில்லறையை அவன் பக்கம் தள்ளினேன்.
"இது ஒப்பந்தப்படி உன்னுடையது."